நிற்கிற வண்டி

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தை ஏழெட்டு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். இலக்கியத்துக்குத் தொடர்பில்லாத ஒன்றைக் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். பெருந்துறையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாதச் சம்பளம் 38,000 ரூபாய். 2023 டிசம்பரில், மகளுக்கு ஒரு வயது ஆனபோது, ஒரு சிறிய பெட்ரோல் கார் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 8,60,000 ரூபாய். அதில் 1,60,000 கையிலிருந்து கட்டி, மீதி 7 லட்சத்தை 9.5 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாக வாங்கினேன். தவணை 11,441 ரூபாய். இதுவரை 26 தவணைகள் கட்டியாகிவிட்டது. வீட்டு வாடகை 9,000. சென்ற ஆண்டு இரண்டு மாதத் தவணைக்கு மனைவியின் வளையலை அடகு வைத்தேன், இன்னும் மீட்கவில்லை.

செலவைக் குறைப்பதற்காக இப்போது காரை எடுப்பதே இல்லை. பழைய பைக்கில்தான் வேலைக்குப் போகிறேன். வண்டி வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கிறது. இதுவரை 9,800 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பழைய கார் வாங்கி விற்பவர் ஒருவர் 5,10,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். வங்கியில் இன்னும் 5,30,000 பாக்கி இருக்கிறது. கைக்காசைப் போட்டு நஷ்டத்துக்கு விற்பதா? இரவில் குழந்தைக்கு முடியாமல் போனால் வண்டி வேண்டுமே என்றும் தோன்றுகிறது. விற்றால் மாமனார் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்ற கவலையும் உண்டு. சனிப்பெயர்ச்சி முடியும்வரை வாகனத்தை விற்க வேண்டாம் என்று ஜோதிடர் சொல்கிறார். வைத்துக்கொள்ளட்டுமா, விற்றுவிடட்டுமா? விற்பதானால், நான் தனியாக வாங்கிப் போட்ட இருக்கை உறைகளைக் கழற்றிக்கொள்ளலாமா?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

இப்படிப்பட்ட கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரி என்னை இரண்டு நாட்களாக விடவில்லை. செலவைக் குறைப்பதற்காகக் காரை எடுப்பதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சென்ற மாதம் திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருந்த பழைய சந்துக்குப் போயிருந்தபோது, இதே வாக்கியத்தை என் அப்பாவின் குரலில் நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன்.

முதலில் சிலவற்றை ஒதுக்கிவிடுகிறேன். ஜோதிடர் சொன்னதைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. உங்கள் வங்கி எந்தப் பெயர்ச்சிக்காகவும் தவணைத் தேதியைத் தள்ளி வைத்ததாக நீங்கள் எழுதவில்லை. மாமனார் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதற்கு என்னிடம் மருந்தில்லை. தம் மகளின் வளையல் அடகுக் கடையில் இருப்பது தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்பதை மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். நீங்கள் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர். உங்கள் நிறுவனத்தில் ஓர் இயந்திரத்தை ஓட்டாமல் நிறுத்தி வைத்துவிட்டு அதற்குச் செலவே இல்லை என்று யாராவது குறிப்பு எழுதினால், அந்தத் தாளைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். வீட்டு வாசலில் நிற்கும் இயந்திரத்துக்கு வரும்போது மட்டும், பெட்ரோல் பங்கில் நீட்டுகிற பணம்தான் செலவு என்ற முடிவுக்கு எப்படி வந்தீர்கள்? நீங்கள் இதுவரை தவணையாகக் கட்டியது ஏறத்தாழ 2,97,000 ரூபாய். அதில் 1,28,000 ரூபாய் வட்டிக்கே போயிருக்கிறது. முன்பணத்தையும் சேர்த்தால் 4,57,000. இன்று விற்றால் கடன்கூட முழுதாகத் தீராது என்பதால் இந்தத் தொகை முழுவதையும் செலவென்றே எழுத வேண்டும். அதை 9,800 கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 46 ரூபாய்க்கு மேல் வருகிறது. பெட்ரோலும் காப்பீடும் இதில் சேரவில்லை. வெளியூர் போக வாடகைக் காரைக் கூப்பிட்டால் இதில் பாதிகூட ஆகாது. வண்டியை எடுக்க எடுக்கத்தான் இந்தக் கணக்கு குறையும். எடுக்காமல் நிறுத்துகிற ஒவ்வொரு நாளும், நீங்கள் முன்பு போய்வந்த ஒவ்வொரு பயணத்தின் விலையும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

காப்பீட்டுக்காரர்களும் காரின் மதிப்பை ஓடிய தூரத்தை வைத்துக் குறைப்பதில்லை, வயதை வைத்துத்தான் குறைக்கிறார்கள். முதலாண்டு முடிந்ததும் 20 விழுக்காடு, இரண்டாண்டு முடிந்ததும் 30, அடுத்து 40, நான்கு முடிந்து ஐந்துக்குள் 50 என்று அவர்களுடைய அட்டவணை போகிறது. உறைக்குள் நின்றாலும் ஊட்டி மலை ஏறினாலும் இந்த அட்டவணை ஒன்றுதான். போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்து, மேல்வரியும் போய்விட்டது. புதிய காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலை தானாக இறங்கும். நீங்கள் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பு தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் வரியையும், 13 விழுக்காடு, முழுதாகக் கட்டியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தனியாகக் கணக்கிட்டு உங்களுக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

இந்தச் சிக்கல் எங்கள் வீட்டுக்குப் பழக்கமானது. என் அப்பா திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தார். ஆறு ஆட்கள் வேலை செய்த சிறிய பட்டறை. மாங்காய்ப் பூட்டும் கோயில் கதவுகளுக்கான பெரிய நெம்புப் பூட்டும் அங்கே கையாலேயே ராவி எடுக்கப்பட்டன. திண்டுக்கல் பூட்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தொலைக்காட்சியில் பெருமையாகப் பேசினார்கள். ஆனால் அலிகாரிலிருந்து வந்த இயந்திரப் பூட்டுகள் எண்பதுகளிலேயே எங்கள் தொழிலைப் பாதி தின்று முடித்திருந்தன. அந்த வேளையில்தான், 1984 இல், அப்பா 28,000 ரூபாய்க்கு ஒரு பழைய பியட் கார் வாங்கினார். பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தும் ஊரில் அதைப் பியட் என்றுதான் சொன்னார்கள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர்த் தண்டு இருக்கும். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் மாருதி 800 சந்தைக்கு வந்திருந்தது. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பழைய கார்களுக்கு இருந்த கிராக்கி அன்றோடு இறங்கத் தொடங்கியது. விலை உச்சியில் இருந்தபோது வாங்கியது எங்கள் அப்பாவின் ராசி. உங்களுக்கும் அந்த ராசிதான் போலிருக்கிறது.

ஓராண்டு ஓட்டினார். பிறகு பட்டறையில் சம்பளப் பாக்கி விழத் தொடங்கியதும், பெட்ரோல் போட்டால்தானே செலவு என்று சொல்லி வண்டியை வாசலில் நிறுத்தினார். மேலே தார்ப்பாய் போட்டு, நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தார். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் தார்ப்பாயை விலக்கி, சந்துப் பையன்களை வைத்துத் தள்ளி, என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிடுவார். வண்டி மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்பார். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் கட்டாத வாழைக்கன்றைக் காருக்குக் கட்டுவார். அது சும்மாவும் நிற்கவில்லை. பேட்டரி இறங்கியது, கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாக உறைந்தது, ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர்கள் தட்டையாகின, பின்னிருக்கையில் எலி குட்டி போட்டது. ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் கையிலிருந்து ஒன்று கழன்றது. உங்கள் காரில் கார்புரேட்டர் கிடையாது. ஆனால் நிற்கும்போதும் பேட்டரியைச் சிறிது சிறிதாகக் குடிக்கும் மின்னணுக் கருவிகள் இருக்கின்றன, துருப்பிடிக்கும் பிரேக் தட்டுகள் இருக்கின்றன, எலிகள் கடிப்பதற்கு என் அப்பா காலத்தைவிடப் பல மடங்கு ஒயர்கள் இருக்கின்றன.

இரவில் குழந்தைக்கு முடியாமல் போனால் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்த இரவு வந்தது. 1987 ஐப்பசியில் ஓர் அடைமழை நாளில் தங்கைக்கு மூச்சிளைப்பு கண்டது. அவளுக்கு ஐந்து வயது. மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் மருத்துவர். அப்பா தார்ப்பாயைக் கிழிக்காத குறையாக இழுத்துப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகினார். ஒரு முனகல்கூட வரவில்லை. பேருந்து நிலையத்துக்குச் சைக்கிளில் ஓடி நான் வாடகைக் காரைக் கூட்டி வந்தேன். அந்த அம்பாசிடரால் எங்கள் வாசல்வரை வர முடியவில்லை, ஏனென்றால் சந்துப் பாதையை அடைத்துக்கொண்டு எங்கள் பியட் நின்றது. பக்கத்து வீட்டு ஆண்கள் நான்கு பேர் மழையில் அதைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். அதுவரை பொறுக்க முடியாமல் அம்மா தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் சந்து முனைவரை நடந்துவிட்டாள். தங்கை பிழைத்துக்கொண்டாள்; இன்று அவளே பாட்டியாகிவிட்டாள். தள்ளிய நான்கு பேரில் ஒருவர் பிற்பாடு பலமுறை இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டினார், அப்பா ஒருமுறையும் சிரிக்கவில்லை. உங்கள் ஊரில் 2008 முதல் 108 ஓடுகிறது, ஆட்டோக்காரர்கள் இருக்கிறார்கள், கைப்பேசியில் வாடகைக் கார் கூப்பிடலாம். உறைக்குள் ஒரு மாதமாக நிற்கும் காரை நம்பி அந்த எண்களைக் குறித்து வைக்காமல் இருந்துவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கைக்காசு போட்டு நஷ்டத்துக்கு விற்பதா என்ற கேள்வியில்தான் எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது. நஷ்டம் விற்கும் நாளில் வரப்போவதாக நினைக்கிறீர்கள். அது வந்து நெடுநாளாகிறது. கடனுக்கும் விலைக்கும் நடுவில் 20,000 குறைகிறது. முன்கூட்டியே கடனை முடிப்பதற்கு வங்கி கேட்கக்கூடிய கட்டணத்தையும் சேர்த்து 40,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய மூன்றரை மாதத் தவணை. விற்காவிட்டால் இன்னும் 58 தவணைகள், 6,63,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். இன்று ஒருவர் 5,10,000 ரூபாய்க்குக் கேட்கும் பொருளுக்கு, அதுவும் ஓட்டாத பொருளுக்கு, நீங்கள் 6,63,000 கொடுக்க ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த நாற்பதாயிரத்தைப் புரட்ட முடியாமல் இருந்தால் அதைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வேன். மானம் கருதி என்று சொன்னால் வளையல் விஷயத்தில் அந்த மானம் எங்கே போயிருந்தது என்று கேட்பேன். கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவிடம் கேட்க முடியாததை உங்களிடம் கேட்கிறேன்.

எங்கள் பியட்டை விற்றது அம்மாதான். குவைத் போரை ஒட்டிப் பெட்ரோல் விலை ஏறிக் கிடந்த நேரம். 1991 தைப்பூசத்துக்கு அப்பா வழக்கம்போலப் பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பினார். ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியிருப்பார் என்று கணக்குப் போட்ட நாளில், அம்மா ஒரு மெக்கானிக்கை வரவழைத்து 14,000 ரூபாய்க்குப் பேசி, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப்போகச் சொல்லிவிட்டாள். அன்று மாலையே பட்டறை ஆட்களின் பாக்கியைத் தீர்த்தாள். நான்காம் நாள் அப்பா வீங்கிய கால்களோடு சந்துக்குள் நுழைந்தார். தார்ப்பாய் மடித்துத் திண்ணையில் இருந்தது. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறையும் நான்கு செங்கல்லும் மட்டும் இருந்தன. நாங்கள் எல்லோரும் உள்ளே போய் நின்றுகொண்டோம். அவர் சற்று நேரம் அந்தக் கறையைப் பார்த்துவிட்டு, “எவ்வளவுக்குப் போச்சு?” என்றார். அம்மா சொன்னாள். “பேட்டரி புதுசு. அதுக்குத் தனியா ஒரு ஐந்நூறு கேட்டிருக்கலாம்,” என்றார். மறுநாள் மெக்கானிக் பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆம் எண் படிவங்களோடு வந்தபோது மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். அன்று இரவு கயிற்றுக் கட்டிலை அந்த இடத்தில் போட்டுப் படுத்தவர், கடைசிவரை கோடைக்காலத்தில் அங்கேதான் தூங்கினார். சென்ற மாதம் நான் போய் நின்றதும் அங்கேதான். இப்போது அங்கே சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

அந்தப் படிவங்களில் நீங்கள் கவனமாக இருங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, தேதியில்லாமல் கையெழுத்திட்ட தாள்களைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் சொல்லியிருக்கிறது. கடனை முடித்ததும் வங்கியிடம் தடையில்லாச் சான்றும், அடமானப் பதிவை நீக்குவதற்கான 35 ஆம் எண் படிவமும் வாங்குங்கள். பெயர் மாறிய பதிவை உங்கள் கண்ணால் பாருங்கள். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான காப்பீட்டுச் சலுகை வண்டியோடு போவதில்லை. அதற்கான கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டால் மூன்றாண்டுக்குள் வேறு கார் வாங்கும்போது பயன்படும். வாங்குவீர்கள், எனக்குத் தெரியும்.

இருக்கை உறைகளைக் கழற்ற வேண்டாம். வெளியே அவற்றுக்கு விலையில்லை. கழற்றிய இருக்கையில் குழந்தை பால் கொட்டிய கறை தெரிந்தால், வாங்குகிறவர் அதைக் காட்டியே ஐயாயிரம் குறைத்துவிடுவார்.