காப்புரிமைக்கு எதிர்ப்பு மனு வந்தால் மகனின் எதிர்காலம் கெட்டுவிடுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

ஆவாரம்பட்டையும் என்சைமும் கொண்டு தோல் பதனிடும் முறைக்குத் தங்கள் மகனும் அவருடைய பேராசிரியரும் கேட்டிருக்கும் காப்புரிமைக்கு (பேடன்ட்) ராணிப்பேட்டைத் தோல் தொழிலைச் சேர்ந்த ஒருவர் எதிர்ப்பு மனு கொடுத்ததை, "மகன் மேல் கேஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வழக்கு அன்று. காப்புரிமை வழங்கப்படும் முன் எவரும் எதிர்க்கலாம் என்று 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. இதனால் வேலைக்குப் போகும் இடத்தில் எந்தக் களங்கமும் வராது.

ஆவாரம்பட்டைச் சாற்றால் தோல் பதனிடுவது நம் வட்டாரத்தில் தலைமுறைகளாக உள்ளதுதான் என்கிறார் எதிர்ப்பவர். அந்த அளவில் அவர் சொல்வது சரியே. மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு 1995இல் அமெரிக்கா வழங்கிய காப்புரிமையை இந்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து, 1997இல் ரத்து செய்ய வைத்தபோது, பழைய நூல்களையும் கட்டுரைகளையும் எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. நம் சட்டத்திலோ உள்ளூர் மக்களிடம் வாய்வழியாக வழங்கும் அறிவும் எதிர்ப்புக்குக் காரணமாகலாம்.

ஆகவே மகன் கோபப்படாமல் ஒரு தாளை எடுத்து, பட்டை, என்சைம், வெப்பநிலை, ஊறும் நேரம் எனத் தம் உரிமைக்கோரலின் (எதற்குக் காப்புரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் சொல்லும் பகுதி) ஒவ்வொரு கூறையும் இடப்பக்கம் எழுதி, எதிர்த்தரப்பு காட்டும் ஆவணத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று வலப்பக்கம் குறிக்கட்டும். அத்தனையும் ஒரே ஆவணத்தில் இருந்தால் புதுமை போயிற்று. ஒன்று விடுபட்டாலும் நிற்க இடமுண்டு. ஆனால் தொழில் தெரிந்தவருக்கு அது எளிதில் தோன்றியிருக்குமே என்ற கேள்வி உடனே எழும், அதுதான் கடினமானது. கோரலைச் சுருக்கலாம், விரிக்க முடியாது. விண்ணப்பத்துக்கு முன்பே கல்லூரிக் கண்காட்சியில் செய்முறையை விளக்கியிருந்தால், அதுவும் புதுமையைக் கெடுக்கக்கூடும் என்பதால், பேராசிரியரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே சம்பளம் தரும் வேலைகள் உண்டு என்பதைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் 21 வயதும் நிறைந்த இந்தியக் குடிமக்கள், பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைத் தயாரித்து நடத்தும் காப்புரிமை முகவர் ஆவதற்கான தேர்வை எழுதலாம். சட்டப் படிப்பு தேவையில்லை. இரண்டு எழுத்துத் தாள்கள், ஒரு நேர்முகம். ஒவ்வொரு எழுத்துத் தாளிலும் 50 விழுக்காடு, நேர்முகத்தையும் சேர்த்து மொத்தத்தில் 60 விழுக்காடு பெற வேண்டும். தேர்வு ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை என்பதால், அதை மட்டும் நம்பிக் காத்திருப்பது சரியன்று. அதுவரை சென்னையிலோ பெங்களூரிலோ காப்புரிமைத் தேடல் (கண்டுபிடிப்பு முன்பே உள்ளதா என்று பழைய ஆவணங்களில் தேடுவது) செய்யும் நிறுவனம் ஒன்றில் பயிற்சிக்குச் சேரட்டும். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டுமே எட்டும் தூரம்தான். மகனைச் சட்டக் கல்லூரியில் சேர்க்கத் தாங்கள் நினைத்திருந்தால், அதற்குப் பணம் கட்டுவதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள்.