ஊசி இல்லாம நோவு தாங்க முடியுமா டாக்டரம்மா?

கேள்வி: எனக்கு 24 வயசு, குடியாத்தம் பக்கம். தலைப்பிரசவம், இப்ப 34 வாரம். பிபி, சுகர் எதுவும் இல்ல, குழந்தை தலை கீழதான் இருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்க. போன வருஷம் எங்க அக்கா பிரசவத்தப்ப வார்டுக்கு வெளிய நின்னு அவ கத்துனத கேட்டதுல இருந்து எனக்கு தூக்கமே போச்சு. ஆனாலும் முதுகுல போடற ஊசி வேணாம்னு தோணுது, மருந்து இல்லாம இயற்கையா நோவ தாங்க வழி இருக்கா? எங்க ஆயா விளக்கெண்ணெ குடிச்சா சுளுவா பொறந்துடும், வீட்லயே பாத்துக்கலாம்னு சொல்லுது.

பதில்: என் பொண்ணு வயசு உனக்கு, அதனால நீன்னே சொல்றேன்ம்மா. கதவுக்கு வெளிய நின்னு அக்கா கத்துறத கேட்டா யாருக்கா இருந்தாலும் வயித்த கலக்கும். ஆனா நீ கேட்டது சத்தம் மட்டும்தான், நடுநடுவுல அவ ஓய்வெடுத்தது உனக்கு கேட்டிருக்காது. பிரசவ நோவு விட்டு விட்டுத்தான் வரும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ, ஒரு நிமிஷம் இழுத்துப் புடிக்குதுன்னு வெச்சுக்க, ஒரு மணி நேரத்துல 12 நிமிஷம் நோவு, மீதி 48 நிமிஷம் உன்னோடது. போகப் போக ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வரும், அப்பக்கூட நடுவுல விடும். நெறைய பொண்ணுங்க அந்த 48 நிமிஷத்தயும் அடுத்த நோவு எப்ப வருமோன்னு பல்லக் கடிச்சுக்கிட்டே கழிச்சுடறாங்க, தோளு இறுகி, கை இறுகி, கடைசில முக்க வேண்டிய நேரத்துக்கு தெம்பே இல்லாம போயிடுது. நோவு விட்ட ஒடனே ஒடம்ப தளர விடறத நீ கத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

கர்ப்பப்பை ஒரு தசை, அது சுருங்கிச் சுருங்கி வாய தொறக்குது, 10 சென்டிமீட்டர் தொறக்கணும். மொதல் 5 சென்டிமீட்டர் தலைப்பிரசவத்துல ரொம்ப மெதுவாத்தான் நகரும், ஆளுக்கு ஆள் மாறும். அதுக்கப்புறம் வேகம் புடிக்கும், தலைப்பிரசவத்துல 5-ல இருந்து 10 ஆக பொதுவா 12 மணி நேரத்துக்கு மேல போகாது. அதனால ஆரம்பத்துலயே பதறாம வீட்ல நட, குளி, சாப்பிடு, தூக்கம் வந்தா தூங்கு. 37 வாரம் தாண்டினப்புறம் சூட்டு வலி வந்தாலும் இப்படித்தான். வீட்ல சீரகத் தண்ணி வெச்சுக் குடுப்பாங்க, குடி, நல்லதுதான், நம்ம வேலூர் வெயில்ல தண்ணி கம்மியானாலே வயிறு இறுக்கிப் புடிக்கும், குடிச்சுட்டு ஒருக்களிச்சுப் படுத்தா அடங்கிடுச்சுன்னா அது சூட்டு வலி, அடங்காம சீரா கூடிக்கிட்டே வந்தா நெசமான நோவு.

இப்ப நோவு வர்றப்ப என்ன பண்ணலாம். நான் ட்ரெய்னிங்ல இருந்த காலத்துல லேபர் ரூம்ல எல்லாரையும் மல்லாக்க படுக்க வெச்சுடுவோம், இப்ப நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா மல்லாக்க படுத்தா கர்ப்பப்பை பாரம் பெரிய ரத்தக்குழாய அழுத்தும், இடுப்பு நோவும் கூடும். நடக்கலாம், கட்டில புடிச்சு முன்னாடி சாஞ்சு இடுப்ப ஆட்டலாம், தரைல முட்டி போட்டு கை ஊனி நிக்கலாம், களைச்சா இடது பக்கம் ஒருக்களிச்சுப் படு. எது சுகமா இருக்கோ அதுதான் உன் பொசிஷன். மூச்சு ரொம்ப முக்கியம், மூக்கால மெதுவா இழுத்து வாயால இன்னும் மெதுவா விடு, ஊதற மாதிரி. வேக வேகமா மூச்சு வாங்கினா விரலெல்லாம் மரத்துப்போகும், தல சுத்தும், அப்ப வேகத்த கொறச்சுடு. கத்தணும்னு தோணுச்சா கத்து, அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல, ஆனா கீச்சுன்னு கத்தறத விட அடித்தொண்டைல முனகறது ஒடம்ப தளர்த்தும்.

கூட இருக்கற ஆளுக்கு ஒரு வேலை இருக்கு. நடு இடுப்புக்குக் கீழ, பிட்டத்துக்கு மேல தட்டையா எலும்பு இருக்குல்ல, நோவு வர்றப்ப அங்க உள்ளங்கை அடிப்பகுதியால நல்லா அழுத்தி புடிச்சுக்கணும், நோவு விட்டதும் விடணும். சும்மா தடவினா பத்தாது, பலமா அழுத்தணும். சுடுதண்ணில நனைச்சுப் புழிஞ்ச துணி வெக்கலாம், வெதுவெதுன்னு இடுப்புல தண்ணி ஊத்திக்கலாம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா யூரின் போகச் சொல்லணும், பை நெறஞ்சிருந்தா நோவும் கூடும் தலை எறங்கவும் எடம் இருக்காது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல குடுத்த வழிகாட்டுதல்லயே விருப்பமான ஆள் கூட இருக்கறது, நடமாடறது, மசாஜ், ஒத்தடம், மூச்சுப் பயிற்சி எல்லாம் இருக்கு, நான் சொந்தமா சொல்றது இல்ல. நம்ம அரசு ஆஸ்பத்திரிலயும் பிரசவத் துணைக்கு ஒரு பொம்பள ஆள் உள்ள வரலாம், அம்மாவோ அக்காவோ யாருன்னு இப்பவே முடிவு பண்ணு. அக்கா வந்தா ரொம்ப நல்லது, அவ அந்த வழிய தாண்டினவ. வந்து பயமுறுத்தற ஆள மட்டும் கூட்டிட்டுப் போகாத.

கர்ப்பப்பை வாய் முழுசா தொறக்கறதுக்கு முன்னாடி முக்காத, முக்கணும்னு தோணுச்சுன்னா நர்ஸ்கிட்ட சொல்லு, பாத்து சொல்லுவாங்க.

இவ்ளோவும் பண்ணி, இனி முடியாதுன்னு நீ நெனச்சா முதுகு ஊசி கேக்கறதுல ஒரு தப்பும் இல்லம்மா. அதப் போட்டுக்கிட்டவ தோத்துட்டான்னு யாராச்சும் சொன்னா காதுல வாங்காத.

இனி ஆயா விஷயம். அவங்க மேல எனக்கு மரியாத உண்டு, ஆனா விளக்கெண்ணெ வேணாம். வாந்தியும் பேதியும் ஆகி ஒடம்புல தண்ணி வத்திப் போய் நோவுக்கு முன்னாடியே படுத்துடுவ, அதுவும் 34 வாரத்துல கிட்டக்கூட போகக்கூடாது. வீட்ல பிரசவம் கண்டிப்பா வேணாம். நம்ம வேலூர்ல சிஎம்சி எப்படி வந்துச்சுன்னு பெரியவங்கள கேட்டுப் பாரு, திண்டிவனத்துல ஒரே ராத்திரில மூணு பொண்ணுங்க பிரசவத்துல செத்துப்போனாங்க, பொம்பள டாக்டர் இல்லாததால. அதப் பாத்த ஐடா ஸ்கடர்தான் டாக்டருக்குப் படிச்சு வந்து 1900-ல இங்க ஒரு படுக்கையோட ஆரம்பிச்சாங்க. அது பழைய கதைன்னு நெனச்சா, 2018-ல திருப்பூர்ல வீட்லயே பிரசவம் பாத்து குழந்தை பொறந்தப்புறம் ரத்தப்போக்குல ஒரு அம்மா போயிட்டாங்க. குழந்தை நல்லா பொறந்தப்புறம்தான் அந்த ஆபத்தே வருது, யாருக்கு வரும்னு முன்கூட்டி சொல்ல முடியாது, நிமிஷக் கணக்குல ஒடம்பு காலியாகும். அதுக்காகத்தான் குழந்தை வந்த ஒடனே தொடைல 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடறோம், அது நோவுக்கு இல்ல, ரத்தத்த நிறுத்த. நோவுக்கு மருந்து வேணாம்னு சொல்லு, அந்த ஊசிய மட்டும் வேணாம்னு சொல்லிடாத.

அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு, ஒரு நிமிஷம் நிக்குது, ஒரு மணி நேரமா அப்படியே வருதுன்னா கெளம்பிடு. நோவே இல்லாட்டியும் தண்ணி ஒடஞ்சா, அது பச்சையா இருந்தா, ரத்தம் போனா, குழந்தை அசைவு கொறஞ்சா, தலவலி கண்ணு மங்கல்னு வந்தா, காய்ச்சல் அடிச்சா, 37 வாரத்துக்கு முன்னாடியே வயிறு விட்டு விட்டு இழுத்தா, ஒரு நிமிஷம் கூட காத்திருக்காம 108-க்கு போன் போடு, ராத்திரி வண்டி கெடைக்காதுன்னு விடியட்டும்னு இருந்துடாத.

அடுத்த செக்கப்புக்கு அக்காவயும் கூட்டிட்டுப் போய், லேபர் ரூம்ல நடக்க விடுவீங்களா, இவ கூட இருக்கலாமான்னு ரெண்டு கேள்வி கேளு. இன்னைக்கு ராத்திரியே அவ கைய உன் இடுப்புல வெச்சு எந்த எடத்துல அழுத்தினா சுகமா இருக்குன்னு காட்டிக் குடு, அழுத்தற ஒரு நிமிஷமும் மெதுவா மூச்சு விட்டுப் பழகு.