உமிச் சாம்பல் ஏன் வேலை செய்யவில்லை, வாழைச் சாம்பல் ஏன் சோப்பானது?

கொருக்குப்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: பஜ்ஜிக் கடைகளில் கழித்த எண்ணெயை பயோடீசலாக்க, செங்குன்றம் அரிசி ஆலை உமிச் சாம்பலை மெத்தனாலோடு சேர்த்து நெடுநேரம் கிளறியும் கிளிசரின் பிரியவில்லை. வாழைச் சாம்பலுக்கு மாறினால் எல்லாம் சோப்பாகக் குழைகிறது. எங்கே தவறு?

உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. எண்ணெயும் மெத்தனாலும் வினைபுரிந்து பயோடீசலும் கிளிசரினுமாகப் பிரியக் காரம் (அமிலத்துக்கு எதிர்ப்பண்புள்ள பொருள்) வேண்டும், சிலிக்காவில் அது கிடையாது. வேறொரு காரத்தை ஏற்றிவைக்கும் தாங்கியாக வேண்டுமானால் உதவும். எந்தச் சாம்பல் கிடைத்தாலும் முதலில் ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். பொங்கினால்தான் நமக்கு வேண்டிய காரமான கார்பனேட் இருக்கிறது.

வாழை சரியான தேர்வு. அதிலும் தோலைவிடத் தார்க்காம்பு கையாள எளிது. சீப்பு வெட்டி விற்கும் பழக்கடைகளில் குப்பைக்குத்தான் போகிறது. நறுக்கி, ஒடித்தால் முறியும்வரை காயவைத்து, திறந்த வெளியில் கரியாக்குங்கள். பிறகு பீங்கான் மூசையில் (கடும் சூடு தாங்கும் கிண்ணம்) 600–650 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் சுட வேண்டும். அலுமினியத் தட்டு ஆகாது, 660 டிகிரியில் உருகிவிடும். கறுப்பு போய் வெளிறிய நிறம் வந்தால் போதும். சூடு 770 டிகிரியைத் தாண்டினால் கூடவே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு உருகி, சாம்பல் கட்டிதட்டிப் போகும்.

சோப்பானதற்கு முதல் சந்தேகம் ஈரம். வாழைச் சாம்பலில் காரமாக வேலை செய்யும் பொட்டாசியம் கார்பனேட் காற்றிலிருந்து நீரை இழுக்கும்; வடசென்னைக் கடற்காற்றில் திறந்து வைத்தால் கேட்கவே வேண்டாம். சூடு ஆறியதும் காற்றுப்புகாத டப்பாவில் அடையுங்கள். பயன்படுத்துமுன் 120 டிகிரியில் 2 மணி நேரம் மீண்டும் உலர்த்துங்கள். எண்ணெயையும் வடிகட்டி, 110 டிகிரியில் குமிழி அடங்கும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள்.

இரண்டாவது, பலமுறை பொரித்த எண்ணெயிலுள்ள அமிலம்; அது காரத்தோடு சேர்ந்து சோப்பாகும். அதை அளக்க ஒரு சோதனை: ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரையுங்கள். 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 1 மில்லி எண்ணெயும் சில துளி பினாப்தலீனும் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) சேர்த்து, இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை அந்தக் கரைசலை விடுங்கள். 2 மில்லிக்கு மேல் பிடித்தால் அந்த எண்ணெயில் நேராகச் சாம்பலைப் போடக் கூடாது. அமிலம் குறைந்த எண்ணெயைக் கலந்து அளவை இறக்குங்கள்.

1 லிட்டர் எண்ணெய்க்கு 30–40 கிராம் சாம்பல், 400 மில்லி மெத்தனால், 60 டிகிரி, 2–3 மணி நேரம், விடாமல் கிளறல். மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதிக்கும். ஆவியைக் குளிர்வித்துத் திருப்பும் குழாய் இல்லாமல் சூடேற்றினால் மெத்தனாலும் போகும், உயிருக்கும் ஆபத்து. அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது என்பதால் அடுப்பு நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. மெத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். அது இல்லாமல் தொடங்காதீர்கள்.

இரவு முழுக்க அசையாமல் விட்டால் கிளிசரின் அடியில் இறங்கும். சாம்பலைத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் பொட்டாசியம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரைந்து போவதால் புதுச் சாம்பல் சேர்த்தாக வேண்டும். கரைந்தது எரிபொருளிலும் தங்கும். வெதுவெதுப்பான நீரால் மெல்லக் கழுவி உலர்த்தாமல் எந்த எஞ்சினிலும் ஊற்றாதீர்கள்.

முடிந்ததா என்று பார்க்க 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலைக் குலுக்குங்கள். அடியில் எண்ணெய் தங்கினால் வினை அரைகுறை. இந்தச் சோதனையை 20 டிகிரியை ஒட்டிச் செய்யுங்கள். நம்மூர் வெக்கையில் மாறாத எண்ணெயும் ஓரளவு கரைந்து, தேறியதுபோல் காட்டிவிடும்.