சிம்பன்சி பாம்பைக் கண்டு குரல் கொடுப்பது வெறும் பயத்தினாலா?

எச்சரிக்கைக் குரல் என்பது ஆபத்தைப் பார்த்த விலங்கு தன் கூட்டத்துக்குக் கொடுக்கும் சத்தம். பயத்தில் தானாக வருவது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

கேத்தரின் கிராக்ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் உகாண்டாவின் புடோங்கோ காட்டில், சிம்பன்சிகள் போகும் வழியில் போலி விரியன் பாம்பை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. பாம்பைப் பற்றி ஏற்கெனவே தெரிந்த கூட்டாளி பக்கத்தில் இருந்தால் குரல் குறைவு. தெரியாத கூட்டாளி இருந்தால் அதிகம். வெறும் பயம் என்றால் இரண்டு சமயமும் ஒரே மாதிரி அல்லவா கத்த வேண்டும்?

அம்பாசமுத்திரம் வயல் வரப்பில் பாம்பு கிடந்தால், கூடவே நின்று அதைப் பார்ப்பவரிடம் யாரும் சொல்வதில்லை. பின்னால் புல்லுக்கட்டோடு வருகிறவரிடம்தான், "அண்ணாச்சி, பாம்பு கெடக்கு, அங்கனயே நில்லுங்க!" என்போம்.

காரணம் எளிது. அந்த விரியன் துரத்தாது, சருகுக்குள் அசையாமல் கிடக்கும். தெரியாமல் மிதித்தால்தான் வினை. சொந்தமும் நட்புமாகக் கூடி வாழும் விலங்குக்கு, பின்னால் வருகிறவனைக் காப்பதில் தனக்கும் லாபம் உண்டு.

அப்புறம், பாபநாசத்தில் பையைப் பறிக்கிற குரங்கின் பெரிய வடிவம்தான் சிம்பன்சி என்று நினைக்க வேண்டாம். அது ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் வாலில்லாத வேறு இனம்.