ஓர் எழுத்துத் திருத்தம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரக் குறிப்பில் மரியா ரெஸ்ஸாவை 'டிவிக்காரர்' என்று எழுதியிருந்தீர்கள். அவர் 'ராப்ளர்' என்ற செய்தி இணையதளத்தை நடத்துபவர் இல்லையா? 2021இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோதுதான் அவர் பெயரையே கேள்விப்பட்டேன். எழுத்துப்பிழையைத் திருத்தியதால் தண்டனை கிடைத்தது என்றும் படித்தேன். அப்படியெல்லாம் நடக்குமா?

ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

ராப்ளர் 2012இல்தான் வந்தது. அதற்கு முன் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர் டிவியில் இருந்தார். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் பிறந்து, சிறுமியாக அமெரிக்கா போய், பிரின்ஸ்டனில் படித்துவிட்டு 1986இல் ஊர் திரும்பினார். அந்நாட்டுச் சர்வாதிகாரி மார்கோஸ் அப்போதுதான் நாட்டை விட்டு ஓடியிருந்தார். அரசுத் தொலைக்காட்சியில் கொஞ்ச காலம், அப்புறம் சிஎன்என்னின் மணிலா, ஜகார்த்தா அலுவலகங்களுக்குத் தலைவர். இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோவின் வீழ்ச்சியை அங்கிருந்துதான் உலகத்துக்குச் சொன்னார்.

அதன்பின் ஏபிஎஸ்-சிபிஎன் என்ற பெரிய பிலிப்பைன்ஸ் சேனலின் செய்திப் பிரிவுக்குத் தலைவரானார். அவரை எனக்குப் புரியவைத்தது அந்தக் காலம்தான். 2008 ஜூன் 8 அன்று அந்தச் சேனலின் புகழ்பெற்ற நிருபர் செஸ் ட்ரிலோன், இரண்டு கேமராமேன்கள், கூடப் போன ஒரு பேராசிரியர் ஆகியோரைச் சூலு தீவில் அபு சயாஃப் என்ற ஆயுதக் குழுவின் ஆட்கள் கடத்திவிட்டார்கள். மீட்கும் முயற்சியை ரெஸ்ஸா முன்னால் நின்று நடத்தினார். ஒரு கேமராமேனை முதலில் விட்டார்கள். மற்றவர்கள் 17ஆம் தேதி இரவு உயிரோடு வெளியே வந்தார்கள். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். போக வேண்டாம் என்று சொல்லியும் போனதற்காக ட்ரிலோனைச் சேனல் மூன்று மாதம் பணியிலிருந்து நிறுத்தி வைத்தது. முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, செத்துப் பிழைத்து வந்தவரையா என்று. கூடப் போன கேமராமேன்களின் வீட்டை நினைத்துப் பார்த்ததும் கோபம் அடங்கிவிட்டது. தப்பு நம் வீட்டில் நடந்தால் நாமே திருத்த வேண்டும் என்று இருந்த செய்தி அறை அது.

அப்படிப்பட்டவருக்கு ஒரு திருத்தமே வினையானது. ஒரு தொழிலதிபரைப் பற்றிய கட்டுரை 2012 மே மாதம் ராப்ளரில் வந்தது. எழுதியது ரெஸ்ஸாகூட இல்லை. ரெஸ்ஸாவையும் எழுதியவரையும் தண்டித்த இணைய அவதூறுச் சட்டம் கையெழுத்தானது அதே ஆண்டு செப்டம்பரில், அதாவது கட்டுரை வந்து நாலு மாதம் கழித்து. சரி, பழைய கட்டுரை எப்படி மாட்டியது? வரி ஏய்ப்பைக் குறிக்கும் 'எவேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'எஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' விழுந்திருந்தது. 2014இல் அந்த ஓர் எழுத்தை மாற்றினார்கள். அதைச் சட்டம் வந்தபின் நடந்த மறுபிரசுரமாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

நேற்றுகூட இந்தத் தளத்தில் ஒரு பழைய கட்டுரையில் 'ள'வை 'ழ' ஆக்கினேன். அரை நிமிட வேலை. அங்கே அதே வேலைக்குப் பின்னால் 2019 பிப்ரவரி 13 மாலை அதிகாரிகள் அலுவலகத்துக்கே வந்து அவரைக் கைது செய்தார்கள். ஜாமீன் வாங்க நேரம் போய்விட்டதால் அன்று இரவு காவலில்தான் இருந்தார்.

2020 ஜூனில் அவருக்கும் கட்டுரையாளருக்கும் ஆறு ஆண்டு வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. ஜாமீனில் வெளியே இருந்து மேல்முறையீடு செய்தார்கள். தனியாக நடந்த ஐந்து வரி வழக்குகளிலும் 2023இல் விடுதலை கிடைத்துவிட்டது. இந்த ஓர் எழுத்து வழக்கில் மட்டும் 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, அதிகபட்சத்தில் எட்டு மாதத்துக்கு மேல் கூட்டியும் வைத்தது.

அன்புடன்