இரண்டு நாவல் கையில் இருந்தால் எதை முதலில் அனுப்புவது?

கேள்வி: ஆங்கிலத்தில் இரண்டு நாவல்கள் எழுதி முடித்திருக்கிறேன். ஒன்று, மதுரையில் சுங்குடிப் பட்டறை நடத்தும் குடும்பத்தின் கதை, 92,000 சொற்கள். மற்றது துப்பறியும் கதை, 70,000 சொற்கள். எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களிடம் நாவலை விற்றுத்தரும் லண்டன், நியூயார்க் இலக்கிய ஏஜென்ட்களுக்கு இரண்டையும் ஒரே மெயிலில் அனுப்பலாமா? இல்லை, பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது என்று பிரித்து அனுப்பலாமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: இரண்டுமே வேண்டாம். ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்து, அதையே பல ஏஜென்ட்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்புங்கள். அது வழக்கத்தில் உள்ளதுதான். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

ஏஜென்ட்டுக்கு நாவலை அறிமுகப்படுத்தும் ஒரு பக்கக் கடிதத்தில் இரண்டு கதைகளைத் திணித்தால் இரண்டுமே நாலு வரியாகச் சுருங்கி, எதிலும் உயிர் இருக்காது. பல ஏஜென்ட்கள் பயன்படுத்தும் கொயரிமேனேஜர் என்ற இணையப் படிவத்திலும் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு நாவல்தான்.

பிரித்து அனுப்புவது அதைவிடச் சிக்கல். ஏஜென்ட் ஒருவர் உங்களை ஏற்றுக்கொண்டால், பெரும்பாலும் அடுத்தடுத்த நாவல்களையும் அவரே கையாள நினைப்பார். துப்பறியும் கதைக்கு ஒருவர் சரி என்று சொல்லும் நேரத்தில், சுங்குடிக் கதையின் முழுப் பிரதி இன்னொருவர் மேஜையில் இருந்தால் இருவருக்கும் விளக்கம் சொல்லி மாளாது. சரி சொன்னவர் குடும்பக் கதைகளைத் தொடாதவர் என்றால் அந்த நாவல் அப்படியே முடங்கும்.

எதை அனுப்புவது? நீளம் இரண்டுக்குமே சரியாகத்தான் இருக்கிறது. மூன்றாவதாக எதை எழுத மனம் ஓடுகிறது என்று பாருங்கள். முதல் நாவல் விற்றால், பதிப்பகம் அடுத்ததையும் அதே வகையில் எதிர்பார்க்கும். துப்பறியும் கதையாக இன்னும் இரண்டு எழுதத் தெம்பில்லை என்றால் அதை முதலில் அனுப்பாதீர்கள்.

கடிதம் 300 சொற்களைத் தாண்ட வேண்டாம். தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கை, கதைக்கு இரண்டு பத்தி, உங்களைப் பற்றி இரண்டு வரி. கடைசியில் 'இன்னொரு நாவலும் முடித்திருக்கிறேன்' என்று ஒரே ஒரு வரி போதும். கதைப் பத்தியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'மதுரையின் பாரம்பரியத்தையும் மூன்று தலைமுறை உறவுகளையும் பேசும் நாவல்' என்று எழுதினால் ஆளும் தெரியாது, சிக்கலும் தெரியாது. உங்கள் கதை எனக்குத் தெரியாது. உதாரணத்துக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: 'கடன் அடைக்கப் பட்டறையை அப்பா விற்றுவிட, முடிச்சுப் போடும் பெண்களைக் கூட்டிக்கொண்டு மகள் தனியாகத் தொழில் தொடங்குகிறாள். முதல் பெரிய ஆர்டரோடு வருபவர், அந்தப் பட்டறையை வாங்கியவர்.' இதில் யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது என்பது உடனே தெரிகிறது. சுங்குடி என்றால் முடிச்சிட்டுச் சாயமேற்றும் சேலை என்பதை வாக்கியத்துக்குள்ளேயே சொல்லிவிடுங்கள், அடிக்குறிப்பு வேண்டாம்.

லண்டனில் பெரும்பாலும் முதல் மூன்று அத்தியாயமும் கதைச்சுருக்கமும் கேட்பார்கள். நியூயார்க்கில் பலர் முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கத்தை மெயிலுக்குள்ளேயே ஒட்டச் சொல்வார்கள். கேட்காமல் இணைத்த கோப்பைத் திறக்காதவர்கள் உண்டு. ஒவ்வொருவரின் தளத்திலும் கேட்டிருப்பதை மட்டும் அனுப்புங்கள். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் பதிப்பாளரை நேரில் பார்த்துப் பேசுவதுபோல் அங்கே முடியாது. அந்தப் பக்கங்கள்தான் உங்களுக்காகப் பேச வேண்டும்.

முதல் தவணையில் ஆறு முதல் எட்டுப் பேர் போதும். ஒரே ஏஜென்சியில் இருவருக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். யாருக்கு, எந்தத் தேதியில், எத்தனை பக்கம் அனுப்பினீர்கள் என்று எக்செல்லில் குறித்து, இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். பதிலே வராமல் போவதும் மறுப்புதான். ஒருவர்கூட மேற்கொண்டு பக்கம் கேட்கவில்லை என்றால் கடிதத்தையோ முதல் பக்கங்களையோ திருத்த வேண்டும். முழுப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகு மறுக்கிறார்கள் என்றால் கோளாறு நாவலுக்குள் இருக்கிறது. அடுத்த தவணைக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

படிப்பதற்குக் கட்டணம் கேட்பவரிடம் போகவே போகாதீர்கள். நல்ல ஏஜென்ட் நாவல் விற்ற பிறகுதான் கமிஷன் எடுப்பார்: பொதுவாக உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20.

ஒருவர் ஏற்றுக்கொள்ள முன்வந்தால் உடனே கையெழுத்துப் போடாமல், பிரதி வைத்திருக்கும் மற்றவர்களுக்குத் தெரிவித்து இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். இரண்டாவது நாவலைப் பற்றி விரிவாகப் பேச வேண்டிய நேரமும் அதுதான். 'துப்பறியும் கதையையும் நீங்கள் கையாள்வீர்களா? மாட்டீர்கள் என்றால் அதை வேறொருவரிடம் கொடுக்க ஒப்பந்தத்தில் இடம் உண்டா?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.