மிச்சமாகும் அரை மணி நேரம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் வேலை பார்க்கிறேன். வெளியே போகும் சரக்கை முதலில் தாளில் எழுதி, பிறகு கணினியில் ஏற்றுகிறோம். கையில் வைத்துக்கொள்ளும் ஸ்கேனர் வாங்கினால் நேரடியாகப் பதியலாம் என்று சொன்னேன். பிசினஸ் கேஸ், அதாவது இந்தச் செலவு ஏன் தகும் என்று கணக்கோடு காட்டும் அறிக்கை, எழுதித் தரச் சொன்னார்கள். 40 பேருக்குத் தினமும் அரை மணி நேரம் மிச்சம், அதைச் சம்பளத்தால் பெருக்கினால் ஒன்றரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று 30 பக்கம் எழுதினேன். நிதிப் பிரிவுத் தலைவர் நாலாவது பக்கத்திலேயே நிறுத்தி, "இந்தப் பணம் எங்கே வரும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. திருத்தி எழுதி வரச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லையோ?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிடிக்காதவர் திருத்தி எழுதி வரச் சொல்ல மாட்டார். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

40 பேருக்கு அரை மணி என்றால் நாளுக்கு 20 மணி நேரம். பெருக்கல் சரி. ஆனால் ஸ்கேனர் வந்த பிறகும் 40 பேருக்கும் அதே சம்பளம்தானே போகும்? அந்த அரை மணி வேறு எதுவாக மாறுகிறது என்று சொல்ல வேண்டும். ஓவர்டைம் நிற்குமா? அடுத்த ஆண்டு சேர்க்க நினைத்திருக்கும் ஆட்களைச் சேர்க்காமல் சமாளிக்க முடியுமா? அப்படியென்றால் அது பணம். வேலை செய்பவர்களுக்கு அலுப்புக் குறையும் என்பதும் நன்மைதான், அதைத் தனியாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டால் மொத்தக் கணக்கின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு வேலைக்காக, சரக்கு விவரம் கையால் எழுதிய சலான்களைக் கணினியில் ஏற்றும் ஓர் அம்மாவின் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அவர் விரல்கள் பறந்தன. ஆனால் நடுநடுவே ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ஒன்றா ஏழா என்று தெரியாது. கிளிப் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, எழுதியவரைத் தேடிப் போவார். இரண்டு நாளில் அப்படி 11 தாள்கள். நேரத்தைத் தின்றது தட்டச்சு இல்லை, அந்த 11 தாள்கள்தான். பழைய தாள் ஒன்றைப் பின்தொடர்ந்தேன். ஒன்றை ஏழு என்று படித்ததால் தவறான சரக்கு போய், திரும்பி வந்து, சரியானது மறுபடி போயிருந்தது. லாரி வாடகை மூன்று முறை. அந்தச் செலவு ஏற்கெனவே பேரேட்டில் இருந்தது. யாரும் அதைக் கையெழுத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கிடங்கிலும் இதைத் தேடுங்கள். ஒரு மாதத்துச் சலான்களை எடுத்து, தவறாகப் போனவற்றை எண்ணுங்கள்.

அப்புறம், நீங்கள் ஸ்கேனர் ஒன்றைத்தான் வழியாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிரிட்டன் நிதியமைச்சகம் அரசுத் திட்டங்களை மதிப்பிட வைத்திருக்கும் 'க்ரீன் புக்' என்ற வழிகாட்டி, இப்போதிருக்கும் நிலை அப்படியே தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதையும், குறைந்தபட்சம் செய்யக்கூடியது எது என்பதையும் சேர்த்தே ஒப்பிடச் சொல்கிறது. எதுவும் செய்யாமல் இருப்பதற்கும் செலவு உண்டு. அந்த லாரி வாடகை தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். குறைந்தபட்ச வழி என்றால், ஓர் இலக்கத்துக்கு ஒரு கட்டம் என்று சலானைத் திருத்தி அச்சடிப்பது. அதிலேயே பாதித் தவறு போய்விட்டால், ஸ்கேனர் மீதிப் பாதிக்கு மட்டும்தான் பெருமை கொண்டாட முடியும். உங்கள் திட்டமே விழுந்துவிடலாம். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நீங்கள் எழுதாவிட்டால் கூட்டத்தில் வேறு யாராவது கேட்பார்கள்.

செலவுப் பக்கத்தையும் மறுபடி பாருங்கள். சிட்னி ஆப்பரா ஹவுஸுக்கு 1957இல் போட்ட மதிப்பீடு சுமார் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், முடிந்தபோது ஆனது 10 கோடியே 20 லட்சம். 1963இல் முடிய வேண்டியது, 1973இல்தான் திறந்தது. நம் திட்டம் என்றால் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்றே மனம் கணக்குப் போடும். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதைச் சுட்டிக்காட்டி, இதுபோன்ற பழைய வேலைகள் எப்படி முடிந்தன என்று பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். உங்கள் நிறுவனத்தில் கடைசியாக நடந்த இரண்டு மூன்று கணினித் திட்டங்கள் சொன்ன தேதியில் முடிந்தனவா என்று விசாரியுங்கள். பயிற்சி, முதல் மாதத்துத் தடுமாற்றம், ஆண்டுதோறும் கட்டும் உரிமக் கட்டணம், கீழே விழுந்து உடையும் ஸ்கேனர், எல்லாம் கணக்கில் இருக்கட்டும்.

வரும் பணம் எப்போது வரும் என்பதும் முக்கியம். 10 சதவீதம் தள்ளுபடி வைத்தால், அதாவது இன்றைய பணம் ஆண்டுக்கு 10 சதவீதம் வளரும் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், மூன்று ஆண்டு கழித்து வரும் 100 இன்றைக்கு 75தான். இதை நிதிப் பிரிவே போட்டுத் தரும், சதவீதத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

30 பக்கம் வேண்டாம். முன்னால் இரண்டு பக்கம், மீதி பின்னிணைப்பு. எழுதத் தொடங்கும் முன் அவரை ஒருமுறை போய்ப் பாருங்கள். திரும்பி வரும் சரக்கின் லாரி வாடகை எந்தத் தலைப்பில் பதிவாகிறது என்று அவரிடமே கேளுங்கள்.